செண்பகம் மூடிய இன்ஜின்

இன்ஜினுக்குள் மழை பெய்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் செண்பகம் அக்காதான்.

மாதனூருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது நாங்கள் வேலை செய்யும் கார் ஒர்க்‌ஷாப். டீ நேரத்தில் அவர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, லாரிகள் போவதைப் பார்த்தபடி பேசுவார். பேச்சு லாரியைப் பற்றி இருக்காது.

"இன்ஜின் மேல இருக்கற டேப்பட் கவரை மூடிட்டா உள்ள ஒரே இருட்டு தம்பி. அந்த இருட்டுல ஆயில் தூறிக்கினே இருக்கும். கேம் ஷாப்ட்டு நனைஞ்சிக்கினே சுத்தும். வால்வுங்க எல்லாம் கதவு மாதிரி தொறந்து தொறந்து மூடும். யாரும் பாக்கறதில்ல. நாம பாட்டுக்கு ஏசி போட்டுக்கினு பாட்டு கேட்டுக்கினு போறோம். முன்னாடி ஒரு ஊரே நனைஞ்சிக்கினு இருக்குது."

நான் அங்கே சர்வீஸ் அட்வைசர். வண்டிக்காரர் சொல்லும் குறையைக் கேட்டு மெக்கானிக்குக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பது என் வேலை. மெக்கானிக்கல் படித்தவன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அங்கியும் தொப்பியும் போட்டு எடுத்த அந்தப் படத்தைக் காட்டாமல் எங்கள் அம்மா வீட்டுக்கு வருகிற யாருக்கும் டீ கொடுத்ததில்லை. இன்ஜினுக்குள் ஆயில் ஓடும் வழியை நான் பரீட்சைத் தாளில் அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறேன். அந்த வழியில் அக்கா நடந்தே போய்வந்த மாதிரி பேசுவார். இரண்டும் ஒரே வழிதான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஒர்க்‌ஷாப்புக்கு வருவதற்கு முன் அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில் இருந்தார். பிளஸ் டூ முடித்த கையோடு போனவர். தோலுக்கும் அதன் உள்துணிக்கும் பசை பூசி ஒட்டுகிற வேலை. பசை வாசனை தலைமுடியில் ஏறி, தலையணையில் இறங்கி, கனவிலும் வருமாம். காலையில் கம்பெனி வேனில் சீட்டு கிடைக்காது. டிரைவர் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் பெட்டி மேல்தான் இவர் உட்கார வேண்டும். மார்கழிக் குளிரில் அந்தச் சூடு இதமாக இருக்குமாம். உட்கார்ந்தபடியே கண் மூடினால், தனக்குக் கீழே ஏதோ ஒரு பெரிய பிராணி மூச்சு விட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்குமாம்.

ஒருநாள் அந்த வேன் வழியில் நின்றுபோனது. டிரைவர் எல்லோரையும் இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். இத்தனை நாள் உட்கார்ந்து வந்த பிராணியை அக்கா அன்றுதான் பார்த்தார்.

"லேட்டானா அரை நாள் சம்பளத்தப் புடிச்சிக்குவாங்க. எல்லாரும் பேஜார்ல நின்னாங்க. நான் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் ஆவாம இருக்கட்டும்னு வேண்டிக்கினேன்."

அதன் பிறகு பெண்களுக்கான கார் மெக்கானிக் பயிற்சி ஒன்று வேலூரில் நடப்பதாகக் கேள்விப்பட்டு, கம்பெனியை விட்டுவிட்டுச் சேர்ந்தார். கணவர் சுந்தரமூர்த்தி தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "ஷூவ விட்டுட்டு டயருக்கு மாறிட்டா. எப்படிப் பாத்தாலும் கால்லதான் இருக்கா" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் பயிற்சி முடிகிற வரைக்கும் காலையில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான்.

எங்கள் முதலாளி அரங்கநாதன் அவரை முதலில் வாட்டர் வாஷில் நிறுத்தினார். பிறகு ஆயில் மாற்றுவது, பிரேக், சஸ்பென்ஷன். பிறகு இன்ஜின் ரூமில் மெக்கானிக் நவீன்குமாருக்குக் கூடமாட. இன்ஜின் ரூம் என்பது ஒர்க்‌ஷாப்பின் கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. தூசு வரக்கூடாது என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மத்தியான வெயில் அந்தக் கண்ணாடி வழியே விழும்போது, மேஜை மேல் இருக்கும் பிஸ்டன்கள் வெள்ளிக் குவளைகள் போல மின்னும். வெளியே ஹாரனும் ஏர் கன்னும் கத்தும். உள்ளே சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பது மாதிரி கேட்கும். அக்காவுக்கு அந்த அறைமேல் ஆசை. அவர் அதை மறைத்ததும் இல்லை.

நவீன்குமார் ஓசூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டபோது அறை காலியானது. அந்த வாரம்தான் தபரேஸ் பாய் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாடகை வண்டி. வார நாளில் ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிப் போவார். சனி ஞாயிறில் ஏலகிரி. நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின். ஆயிலைக் குடித்துவிட்டு நீலப் புகையாகக் கக்கிக்கொண்டிருந்தது.

அரங்கநாதன் கண்ணாடிக் கதவில் சாய்ந்து நின்று சொன்னார்.

"செண்பகம், இத நீ தனியா பிரி. தனியா மூடு. வண்டி ஒழுங்கா ஓடிச்சுன்னா ரூம் உனக்கு. எதனா ஒண்ணு ஆச்சுன்னா ஓசூர்ல இருந்து வேற ஆள் வர்றான். நீ மறுபடியும் தண்ணி பைப்பு புடிக்கணும். அப்புறம் என்ன திட்டக்கூடாது."

"திட்ட மாட்டேண்ணே. மூஞ்சில தண்ணி அடிப்பேன்."

அந்த நாட்களில் அக்கா தரையில் நடந்த மாதிரியே எனக்குத் தோன்றவில்லை. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றித் தூக்கியபோது குனிந்து ஒவ்வொரு சிலிண்டரின் சுவரையும் விரலால் தடவிப் பார்த்தார். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை அவற்றின் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராதபடி திருப்பித் திருப்பி வைத்தார். வால்வுகளை அரைத்து உட்கார வைத்தார். செயினின் குறியையும் பல்சக்கரத்தின் குறியையும் ஒன்றாக நிறுத்தினார். பேரிங் என்று நாங்கள் சொல்வது பிறைநிலா போன்ற இரண்டு மெல்லிய தகடுகள். பிஸ்டன்கள் சுழற்றும் கனமான கிராங்க் ஷாப்ட் அவற்றுக்கு நடுவில்தான் சுற்றும்.

"சுத்தும்போது அது இந்தத் தகட்டத் தொடறதே இல்ல, இல்லியா தம்பி?"

"தொடாதுக்கா. நடுவுல முடிய விட மெல்லிசா ஒரு ஆயில் படலம். அது மேல மிதக்கும்."

"இவ்ளோ கனம்! மிதக்குது!" தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

கடைசியில் சம்ப் வந்தது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற தட்டு அது. அதற்குள் ஒரு குழாய் இறங்கியிருக்கும். குழாயின் வாயில் ஒரு ஜல்லடை. பம்ப் அந்த ஜல்லடை வழியாகத்தான் ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்ப வேண்டும். இந்தக் காலத்து இன்ஜின்களில் சம்ப்புக்கு அட்டை கேஸ்கட் கிடையாது. டியூபில் வரும் சாம்பல் நிறப் பேஸ்ட்டை விளிம்பில் நூல் பிடித்த மாதிரி போட்டு மூடிவிடுவார்கள்.

அன்று மத்தியானம் நான் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். அக்காவின் கைகள் வேலை செய்துகொண்டிருந்தன. கண்கள் அங்கே இல்லை. மூடப்போகிற இருட்டுக்குள் கடைசியாக ஒருமுறை சுற்றி வருகிற மாதிரி இருந்தது முகம்.

இன்ஜின் முதல் சாவியிலேயே எழுந்தது. புகை இல்லை. நெஞ்சில் கை வைத்த மாதிரி ஒரே சீரான துடிப்பு. சனிக்கிழமை தபரேஸ் பாய் எடுத்துப் போனார்.

ஞாயிறு காலை அக்காவின் செருப்பு பிய்ந்தது. ஆம்பூரில் செருப்பு பிய்ந்தால் யாரும் கடைக்குப் போவதில்லை, வீட்டுக்கு வீடு பசை டப்பா இருக்கும். அக்கா வாசலில் உட்கார்ந்து அடியிலும் பூசினார், மேலேயும் பூசினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் வைத்தார். ஊதினார். வானத்தைப் பார்த்தார். விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்தார். ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. அந்தப் பதம்தான் கணக்கு. சேர்த்து வைத்து அழுத்தினார்.

அழுத்திய கை அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு பக்கமும் பூசி, காயவிட்டு, விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்து, அழுத்தியது. இதே கைகள் வெள்ளிக்கிழமை சம்ப்பை மூடியதும் இப்படித்தான். மனம் இன்ஜினுக்குள் சுற்றப் போயிருந்த நேரத்தில், கைகள் தங்களுக்குப் பழகிய பழைய கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தன.

சுந்தரமூர்த்தி அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். "செருப்ப கையில வெச்சிக்கினு பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கா. இன்னாடின்னு கேட்டா, தபரேஸ் பாய் வண்டி செத்துடும்ன்றா. நான் சொன்னேன், ரெண்டு மாசம் கழிச்சி போனா யாருக்குத் தெரியப்போவுது, சென்சாருன்னு சொல்லிடு, இப்ப எல்லாத்துக்கும் அதானே சொல்றீங்க. என்ன ஒரு பார்வை பாத்தா பாரு, நான் எழுந்து டீ போடப் போய்ட்டேன்."

அக்கா முதலில் தபரேஸ் பாய்க்குத்தான் போன் செய்தார். பாய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே ஏலகிரிக்குப் போயிருந்தார். வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியதாம்.

"செவப்பா ஆயில் லைட் எதனா எரிஞ்சுதா பாய்?"

"எரியலம்மா. திருப்பத்துல மட்டும் அப்பப்ப ஒண்ணு கண்ணு சிமிட்டுது. புது இன்ஜின்ல, வெக்கப்படுதுன்னு நெனச்சேன்."

"பாய், சாவிய எடுத்துடுங்க. எடுத்து பாக்கெட்டுல போட்டுக்குங்க. யார் கேட்டாலும் குடுக்காதீங்க. நான் வர்றேன்."

அடுத்த போன் எனக்கு. ஒர்க்‌ஷாப் வேனில் ஜாக்கி, ஸ்டாண்டுகள், புது ஆயில், பில்டர், பேஸ்ட் டியூப் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஆம்பூர் பைபாஸில் அவரை ஏற்றினேன். வாணியம்பாடி தாண்டும்போது அவரே முதலாளிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணே, பாய் வண்டி சம்ப்ப தப்பா மூடிட்டேன். பேஸ்ட்டு ரெண்டு பக்கமும் பூசிட்டேன். ஏலகிரி போறேன் பிரிக்க."

எதிர்முனையில் டிவி சத்தம் குறைந்தது. பிறகு அரங்கநாதன் கேட்டார். "பாய் கம்ப்ளெய்ன்ட் பண்ணாரா?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சிச்சு?"

"செருப்பு ஒட்டிக்கினு இருந்தேன்."

"ஞாயித்துக்கெழமை அதுவுமா..." என்று பெருமூச்சு விட்டார் அவர். "தொறந்து பாரு. மறுபடியும் யார் மூடறதுன்னு பாய் சொல்லட்டும். வண்டி அவருது. உன் கை வேணாம்னு அவர் சொல்லிட்டா, நானும் அதான் சொல்லுவேன்."

மலையடிவாரப் பொன்னேரியில் மலைப்பாதை ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, கீழே ஜோலார்பேட்டைத் தண்டவாளங்கள் யாரோ காயப்போட்ட நூல் மாதிரி தெரிந்தன. பிறகு மேகம் இறங்கி அதையும் மூடிவிட்டது. அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டி, ஈரத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பலா மரத்தடியில் வண்டி நின்றிருந்தது. தபரேஸ் பாயின் அம்மா ஹலீமா பீ புல்லில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டிபன் கேரியரைத் திறந்தார்.

அக்கா நின்றபடியே நடந்ததைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தன் தப்பு என்றார், மனசு வேறெங்கோ இருக்கக் கை பழைய கம்பெனிப் பழக்கத்தில் போய்விட்டது என்றார். இரண்டு பக்கமும் பூசினேன், காயவிட்டேன், அழுத்தினேன் என்றார்.

ஹலீமா பீ கையில் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார். "சரியாத்தானே பண்ணிருக்கே?"

"இல்லம்மா..."

"இன்னா இல்ல? ரெண்டு பக்கமும் பூசாம எப்படி ஒட்டும்? நானும் வூட்ல உக்காந்து எத்தினி ஜோடி ஒட்டியிருக்கேன்."

தபரேஸ் பாயும் தலையைச் சொறிந்தார். "நான்கூட அப்படித்தாம்மா பூசியிருப்பேன்."

ஒரு நிமிடம் அந்த மலைமேல் அக்காவைத் தவிர எல்லோரும் அக்காவின் கட்சியாகிவிட்டார்கள். நான்தான் குறுக்கே போனேன்.

"அது ஷூ பசைம்மா. காய்ஞ்சாதான் புடிக்கும். இது வேற ஜாதி. ஈரமா இருக்கும்போதே மூடணும், காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சித்தான் இறுகும். மேல தோல் கட்டிட்டா இன்னொரு தோலோட சேராது. ரெண்டு பக்கமும் போட்டா மிச்சமெல்லாம் உள்ள பிதுங்கி, புழு மாதிரி காய்ஞ்சி, பிய்ஞ்சி விழுந்து, ஜல்லடைய அடைச்சிக்கும். மேல ஆயில் போவாது."

"போவலன்னா?"

அக்கா பதில் சொன்னார். "உள்ள மிதந்துக்கினு இருக்கறது தரை தட்டிடும்மா. அதோட சரி. இன்ஜின் அவ்ளோதான்."

"படிச்ச புள்ள சொல்லுது, கேளுடா" என்று ஹலீமா பீ மகனை அதட்டினார். எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். அக்கா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அடியில் படுத்தார். ஆயிலை வடித்து, அதை வெயில் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். உலோகம் உரசியிருந்தால் அதில் பொடி மினுங்கும். எதுவும் மினுங்கவில்லை. பிறகு சைலன்சர் குழாயின் முன்பகுதியை இறக்கி, சம்ப்பின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சம்ப் லேசாகத் தட்டியதுமே கையோடு வந்துவிட்டது. அவ்வளவு எளிதாக வரக்கூடாது.

ஜல்லடையில் சாம்பல் நிறப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால், இறங்கும்போது இரண்டு வளைவாவது தாண்டியிருக்குமோ என்னவோ.

தபரேஸ் பாய் குனிந்து பார்த்தார். அதுவரை இருந்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. எழுந்து ஏரிக்கரை வரை போய், படகுகளைப் பார்த்தபடி நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகளோடு இந்த வண்டி நடுரோட்டில் உட்கார்ந்திருந்தால் என்று அவர் யோசித்திருக்கலாம். அக்கா வண்டியின் அடியிலேயே படுத்திருந்தார். வெளியே தெரிந்தது அவருடைய பாதங்கள் மட்டும்.

பாய் திரும்பி வந்து பாதங்களிடம் கேட்டார். "ஏம்மா, கைதான் பழக்கத்துல பண்ணிச்சுன்ற. இப்ப மூடும்போது மறுபடியும் கை போச்சுன்னா?"

"போனாலும் போவும் பாய்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "போவாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. எனக்கே பயமாத்தான் இருக்குது. உங்களுக்கு வேணாம்னா ஓசூர்ல இருந்து ஆள வர சொல்றேன். வர்ற வரைக்கும் வண்டியத் தள்ளக்கூட விட மாட்டேன்."

பாய் என்னைப் பார்த்தார். முடிவு சொன்னவர் ஹலீமா பீ.

"பேசிக்கினே பண்ண சொல்லுடா. வாய் ஒரு எடத்துல, கை ஒரு எடத்துல இருக்க முடியாது. நான் கேக்கறேன், அவ சொல்லட்டும்." கோரைப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, வண்டியின் பக்கத்தில் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "உம். இப்ப இன்னா பண்றே?"

"பழைய பேஸ்ட்ட சுரண்டறேம்மா."

"இப்ப?"

"இன்னும் சுரண்டிக்கினுதான் இருக்கேன்."

"நல்லா சுரண்டு. இப்ப?"

"துணியால தொடைக்கறேன். ஆயில் சொட்டு இருக்கக்கூடாது."

மேகம் மரத்தடிக்குள் நுழைந்து எங்கள் முழங்கால் வரைக்கும் வந்து நின்றது. ஏரியில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. வெள்ளைப் புகைக்குள் கேள்வியும் பதிலும் மட்டும் நடந்துகொண்டிருந்தன. கண்ணை மூடிக் கேட்டால், ஒருவர் இன்னொருவருக்கு ஏதோ நீண்ட கதை சொல்கிற மாதிரியும், கேட்கிறவர் உம் கொட்டுகிற மாதிரியும் இருந்தது. ஜல்லடை கழுவப்பட்டது. டியூபின் மூக்கு வெட்டப்பட்டது. ஒரே விளிம்பில், போல்ட் துளைகளின் உட்பக்கமாக, அறுபடாமல் ஒரு சாம்பல் நூல் ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"காய விடலியா?" ஹலீமா பீயால் தாங்க முடியவில்லை.

"காய விடலம்மா. ஈரத்தோடவே தூக்கறேன். வெச்சிட்டேன். போல்ட்டு போடறேன். எதிரெதிரா முடுக்கறேன்."

பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. பேஸ்ட் இறுகாமல் ஆயில் ஊற்ற முடியாது. சாப்பிட்டோம். தபரேஸ் பாய் தூங்கினார். அக்கா தூங்கவில்லை. சாலையோரத்தில் பூத்திருந்த ஏதோ ஒரு மஞ்சள் பூவை, பறிக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே பறித்தார். வெயில் சாய்ந்த பிறகு புது பில்டர் போட்டு, ஆயில் ஊற்றி, சாவியைப் பாயிடம் கேட்டார். பாய் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜின் சுற்றியது. விளக்கு ஒரு மூச்சு நேரம் நின்றது, பிறகு ஆயில் மேலே ஏறியதும் அணைந்தது. அக்கா ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்டபடி அப்படியே இருந்தார்.

இறங்கும்போது அவர் பாயின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எல்லா வளைவிலும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தாராம். நான் பின்னால் வேனில் வந்தேன். அடிவாரத்தில் பாய் வண்டியை நிறுத்தி, தானே அரங்கநாதனுக்குப் போன் செய்தார்.

"அண்ணே, என் தம்பி வண்டியும் பொகை அடிக்குது. அடுத்த வாரம் அனுப்பறேன். அந்தம்மாதான் பிரிக்கணும்." கொஞ்சம் கேட்டுக்கொண்டார். "மூடறதும் அந்தம்மாதான். ஆனா மூடற அன்னிக்கு எங்கம்மா வருவாங்க. அவங்க கண்டிசனா சொல்லிட்டாங்க."

முதலாளி விளையாட்டு என்றுதான் நினைத்திருப்பார். அடுத்த வாரம் தம்பியின் வண்டி வந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு இன்ஜின் ரூமுக்குள் போனார். வேறு ஆள் யாரும் ஓசூரிலிருந்து வரவில்லை. மூடுகிற அன்று மத்தியானம் ஒரு ஷேர் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. ஹலீமா பீ இறங்கினார். பர்தாவைச் சரி செய்துகொண்டு, யாரையும் வழி கேட்காமல் நேராகக் கண்ணாடி அறைக்குப் போனார். முதலாளியே ஓடிப்போய் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

கதவு பாதி திறந்திருந்தது. வெயில் மேஜைமேல் விழுந்திருந்தது.

"உம். இப்ப இன்னா பண்றே?"

"பேஸ்ட்டு போடறேம்மா."

"எத்தினி பக்கம்?"

"ஒரு பக்கம்."

"என் மனசு ஒத்துக்கல," என்றார் ஹலீமா பீ. "சரி, போடு."